கடலை முந்திய கணக்கு

ஒல்லாந்தர் என்றதும் யாழ்ப்பாணக் கோட்டையே நம் நினைவில் எழும். அவர்தம் தாயகமோ காற்பங்கு நிலம் கடல்மட்டத்தினும் தாழ்ந்து கிடக்கும் நாடு. அங்கே கடலணை கட்டுவோர் நெடுங்காலம் ஒரே விதியைக் கைக்கொண்டனர். முன்னோர் கண்ட வெள்ளங்களுள் மிக உயர்ந்தது எதுவோ, அதற்குச் சற்று மேலாக அணையை உயர்த்துக என்பதே அவ்விதி.

1939ஆம் ஆண்டில் வெமல்ஸ்ஃபெல்டர் என்னும் பொறியியலாளர், ஹூக் வான் ஹாலந்தில் பதிவான நீர்மட்டங்களை வரிசைப்படுத்தி ஆராய்ந்தார். கண்ட உச்சத்தினும் உயர்ந்த வெள்ளம் வரக்கூடும் என்பதும், அஃது எத்துணை அரிது என மதிப்பிடலாம் என்பதும் புலனாயின. அதே ஆண்டில் அரசு புயல்வெள்ள ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. நீர்ப்பணித் திணைக்களத்தைச் சேர்ந்த யோஹான் வான் வேன், அணைகள் தாழ்ந்துள்ளன என்று இடைவிடாது எடுத்துரைத்தார். ஆயின் போர் வந்தது. அந்நியர் ஆட்சி வந்தது. பின்னர் சிதைந்த நகரங்களைக் கட்டப் பணம் வேண்டியிருந்தது. எச்சரிக்கை கோவைகளுள்ளே கிடந்தது.

1953 ஜனவரி 31, சனிக்கிழமை இரவு. பெருவற்று உயர்ந்திருந்த வேளையில் வடமேற்குப் புயல் வடகடலைக் கரைமேல் ஏற்றியது. வானிலை நிலையம் எச்சரித்திருந்தது. ஆயினும் அந்நாட்டு வானொலி வழக்கம்போல் நள்ளிரவில் ஓய்ந்துவிட்டது. வானொலியின் முன் அமர்ந்திருக்கும் நாம் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். 1,836 பேர் மாண்டனர்.

மூன்று வாரத்துள் டெல்டா ஆணைக்குழு அமைந்தது. வான் வேன் அதன் செயலாளரானார். கணித அறிஞர் வான் டான்ட்சிக், அணையை உயர்த்தும் செலவையும், உயர்த்தாவிடின் நேரக்கூடிய இழப்பையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தார். உயிருக்கும் உடைமைக்கும் விலை குறிப்பதா என வினவுவோர் உளர். விலை குறியாதிருந்த காலத்தில் அணைகள் தாழ்ந்தே கிடந்தன என்பதை அவர் மறத்தலாகாது. ஹூக் வான் ஹாலந்தில் 1953இன் வெள்ளம் 3.85 மீற்றர் உயர்ந்தது. புதிய கணக்கு 5 மீற்றரை வேண்டிற்று. எந்த ஓர் ஆண்டிலும் பதினாயிரத்தில் ஒரு பங்கே நிகழத்தக்க வெள்ளத்துக்கான அளவு அது. டெல்டாச் சட்டம் 1958இல் நிறைவேறியது.

கணக்கும் மாறாததன்று. கிழக்கு ஸ்கெல்ட் முகத்துவாரத்தை முற்றாக அடைக்கவே முதலில் எண்ணினர். மீனவரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தனர். ஆகவே புயற்காலத்தில் மட்டும் மூடும் கதவுகளோடு 1986இல் அத்தடுப்பு திறக்கப்பெற்றது. இப்போது 2050, 2100 ஆகிய ஆண்டுகளை நோக்கித் தீட்டப்பெறும் டெல்டாத் திட்டம், ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்தே பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது.