கிரியேட்டினின் பிந்திச் சொல்லும் சேதி

பதுளை மாவட்டத்தில் சிறுநீரக நோய் என்றாலே கிராந்துருக்கோட்டைதான் ஞாபகம் வரும். அங்கே வயல்காரரை வாட்டும், காரணம் இன்னும் முடிவாகாத நோயைப் பற்றி நிறையவே எழுதியாச்சு. நாங்கள் பேசுவது மலைப்பக்கம்: பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்களில் இன்னொருவரின் சிறுநீரகத்தோடு லயத்தில் வாழ்கிறவர்களைப் பற்றி. வந்த சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்கத் தொடங்கினால், அது எப்படித் தெரியவரும்?

1954 டிசம்பரில் பொஸ்டனில் ஜோசப் மரே செய்த மாற்று வெற்றிபெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒருகரு இரட்டையர். மற்றவர்களுக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்து வேண்டும். 1980களில் சைக்ளோஸ்போரின் வந்துதான் நிலைமை மாறிச்சு. இலங்கையில் 1985இல் பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப் முன்னின்று இதைத் தொடங்கினார். 1987இல் மனித இழைய மாற்றுச் சட்டம் வந்தது.

ஆனால் கண்காணிப்புக்கு இன்றும் முதலில் பார்ப்பது கிரியேட்டினின். அதை அளக்கும் நிறமாற்றத்தை மக்ஸ் யாஃபே கண்டது 1886இல்! தசையிலிருந்து வரும் கழிவு இது. சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் ஏறும். சிக்கல் என்னவென்றால், அது ஏறும்போது சேதம் ஏற்கனவே நடந்திருக்கும். இன்னொன்று, மெலிந்த உடம்பில் தசை குறைவு, அளவும் குறைவு. 0.7 இருந்த பெண்ணுக்கு 1.1 ஆனால், ரிப்போர்ட்டில் அச்சடித்த எல்லைக்குள் "நோர்மல்" போலவே தெரியும். உண்மையில் பாதிக்கு மேல் கூடிவிட்டது. அவருடைய பழைய எண்கள் கிளினிக் கொப்பியில் இல்லையென்றால் யார் கவனிப்பார்?

உறுதியாகச் சொல்ல ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். அதைப் படிக்கும் பொது முறைக்கு 1991இல் கனடாவின் பான்ஃப் நகரில் கூடிப் பேசினார்கள். கிரியேட்டினின் அசையாதபோதே நிராகரிப்பு ஓடிக்கொண்டிருப்பதைத் துணுக்குகள் காட்டின. அதற்காக அடிக்கடி குத்த முடியுமா?

1998இல் ஹொங்கொங்கில் டெனிஸ் லோ குழுவினர், உறுப்பு பெற்றவரின் இரத்தத்தில் கொடுத்தவரின் டி.என்.ஏ. மிதப்பதைக் காட்டினார்கள். சிறுநீரகம் அடிபட்டால் அது கூடும். 2017இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று 1 சதவீதத்தை எச்சரிக்கை அளவாக வைத்தது. இதுவும் மந்திரக்கோல் இல்லை. தொற்றிலும் கூடலாம், சில நிராகரிப்புகளைத் தவறவும் விடலாம்.

இரத்தத்தில் டக்ரோலிமஸ் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதும் கண்காணிப்புத்தான். மருந்து குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்தச் சோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டியது காலை மாத்திரை போடுவதற்கு முன். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விடியமுன் பஸ் ஏறுகிறவர், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, முறை வரும்வரை போடாமல் காத்திருக்க வேண்டும். பஸ் பிந்தினால் மாத்திரையும் பிந்தும். அன்றைக்குத் தோட்டத்தில் பேரும் விழாது.