குடுமியான்மலைக் கல்லில் எழுந்த இசை

1963-ஆம் ஆண்டில், பீட்டில்ஸ் என்னும் ஆங்கில நால்வர் குழுவினரின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதிலுள்ள பதினான்கு பாடல்களுள் பத்து, அவ்வாண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் ஒன்றிலேயே பதிவு செய்யப்பெற்றன. அதனை இன்று கேட்பவர் செவியில் அக்குழுவினர் பின்னர் எய்திய புகழெல்லாம் சேர்ந்தே ஒலிக்கின்றது. அப்புகழை அகற்றிவிட்டு, அன்று புதிதாய்க் கேட்டவரைப் போலக் கேட்பது எளிதன்று. இசைத்தட்டுக்கே இந்நிலை என்றால், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் இசையை எங்ஙனம் கேட்பது? புதுக்கோட்டை மாவட்டத்து மாணவர்களுக்கு இவ்வினா தொலைவில் உள்ளதன்று. புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சென்றால் குடுமியான்மலையை அடையலாம்.

அங்கே சிகாநாதசுவாமி கோயிலை அடுத்து, மேலைக்கோயில் என்னும் குடைவரை உள்ளது. அதன் அருகே, செங்குத்தான பாறை முகத்தில், முப்பத்தெட்டு வரிகளில் ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. எழுத்துப் பல்லவ கிரந்தம், மொழி வடமொழி. ஆனால் அதில் பாட்டில்லை, புகழுரையில்லை, நிலக்கொடையுமில்லை. கல்வெட்டு முழுவதும் சுரங்களே! இந்திய நாட்டில் சுரமாக எழுதிக் கிடைத்துள்ள இசையில் இது மிகப் பழமையானவற்றுள் ஒன்று. 1904-இல் கண்டறியப்பட்ட இதனைப் பண்டார்க்கர் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 'எபிகிராபியா இண்டிகா' பன்னிரண்டாம் தொகுதியில் வெளியிட்டார்.

மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என ஏழு இராகங்களுக்கு ஏழு பகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. சுரங்கள் நான்கு நான்காகக் கட்டப்பட்டு, வரிக்குப் பதினாறு கட்டுகளாக நிற்கின்றன. ஒரு வரியின் கட்டுகள் யாவும் ஒரே சுரத்தில் சென்று முடிகின்றன. தாளத்தைக் காட்டும் குறி எதுவும் இல்லை.

இதனைப் படிப்போர் முதலில் செய்யும் பிழை, இன்றைய இராகங்களை இதில் தேடுவதாகும். வேங்கடமகி எழுபத்திரண்டு மேளங்களை வகுத்தது பதினேழாம் நூற்றாண்டில். இக்கல்வெட்டோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. தம்புராவின் இடையறாத சுருதியும் பிற்காலத்தது. ஸகரமே என்றும் ஆதாரம் என்ற நம் பழக்கத்தை இக்கல்லின்மேல் ஏற்றினால் கல் பேசாது. செவியிலிருந்து தம்புராவை இறக்கி வைத்துவிட்டே இதனை அணுகவேண்டும்.

இனி, இதில் ஒரு புதிர் உண்டு. நாம் 'ரி' என ஒன்றாகச் சொல்லும் சுரம், இங்கே ர, ரி, ரு, ரே என நான்கு உருவில் வருகின்றது. ஏனைய சுரங்களும் இவ்வாறே. இவை நுண்ணிய சுருதி வேறுபாடுகள் என்றார் பண்டார்க்கர். ஆனால் ஏழு சுரத்துக்கும் நந்நான்கு எனக் கொண்டால் இருபத்தெட்டாகின்றது. நூல்கள் கூறும் சுருதிகளோ இருபத்திரண்டே. வேறு சிலர், இவை வீணைக் கம்பியை மீட்டும் முறைகளைக் குறிப்பன என்பர். எனக்கு இதுவே பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஏனெனில், கல்வெட்டே இக்கட்டுகளைச் 'சதுஷ்பிரஹாரம்' என்கின்றது. பிரஹாரம் என்றால் அடித்தல், மீட்டுதல். அங்ஙனமாயின், நாம் படிப்பது குரலின் வடிவத்தையன்று. ஒரு வீணைக்காரரின் கைவிரல் வழியை.

செய்தவன் யார்? ருத்ராசாரியரின் மாணவனும், மகேசுவரனிடத்துப் பேரன்புடையவனுமாகிய ஓர் அரசன், மாணவர் நன்மைக்காக இதனை இயற்றினான் என்று இறுதியில் காண்கிறோம். பெயர் இல்லை. நீண்ட காலம் அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மனே எனப் பாடநூல்கள் எழுதி வந்தன. மத்தவிலாசம் எழுதிய கலைஞனுக்கு இது தகும் என்ற எண்ணமே அதற்குப் பெருந்துணை. ஆயினும் தன் குடைவரைகளில் பட்டப்பெயர்களை வரிசையாகப் பொறித்த அம்மன்னன் இங்கு ஒன்றையேனும் பொறிக்காமல் விட்டது ஏன்? இப்பகுதி அவன் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததா என்பதும் ஐயத்திற்குரியது. எழுத்தமைதி ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டைக் காட்டுகின்றது. அதற்குமேல் அது சொல்லவில்லை. இங்கும் ஒரு பெரும்பெயரின் புகழ், கல்லைக் கேட்க விடாமல் நம் செவியை அடைத்திருக்கின்றது. தன் பெயரை விடுத்து ஆசிரியர் பெயரைப் பொறித்த அரசன் என்பது மட்டும் உறுதி.

வடமொழிச் சுரங்களெல்லாம் முடிந்தபின், தமிழில் ஒரு சிறு வரி வருகின்றது. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்பது அதன் கருத்து. எட்டு எது, ஏழு எது? அருகிலும், திருமயத்திலும், மலையக்கோயிலிலும் 'பரிவாதினி' என்னும் சொல் கல்லில் உள்ளது. பரிவாதினி ஏழு நரம்புடைய வீணை என்கிறது அமரகோசம். ஆகவே ஏழு என்பது நரம்பின் எண்ணிக்கையாகலாம். எட்டு நரம்புடைய வீணைக்கும் இது பொருந்தும் என்று கற்போர்க்கு உணர்த்தியிருக்கலாம். ஏழு இராகங்களையும் வடமொழியில் எழுதியவர், எந்த வீணையை எடுத்துக்கொள்வது என்பதை மட்டும் தமிழில் சொல்லியிருக்கிறார்.