பால்கனி ரோஜாவின் பூர்வீகம்

தை பிறந்தால் சைதாப்பேட்டைத் தெருக்களில் தள்ளுவண்டியில் ரோஜாச் செடி வரத் தொடங்கும். மொட்டோடு இருப்பதாகப் பார்த்து, பேரம் பேசி வாங்கி வருவோம். மாசி வரை பூக்கும். பங்குனியில் இலையில் கரும்புள்ளி விழும். சித்திரையில் முள்ளும் குச்சியும்தான் மிஞ்சும். "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லிவிட்டு, காலித் தொட்டியில் கற்பூரவல்லியை நட்டுவிடுவோம். நம் குடியிருப்பில் மாடிக்கு மாடி இந்தக் கதை உண்டு.

கைராசியின் மேல் பழி போடுவதற்கு முன், அந்தச் செடியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் விசாரிப்பது நல்லது. எங்கிருந்து வந்தது, யாருக்காக உருவாக்கப்பட்டது என்று தெரிந்தால் அடுத்த தையில் எதை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

கல்கத்தா வழியே போன சீன ரோஜா

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரே பருவத்தில்தான் பூத்தன. வருஷம் முழுவதும் பூக்கும் குணம் சீனத்திலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனத் தோட்டங்களின் ரோஜாக்கள் கப்பலேறி மேற்கே போயின. வழியில் கல்கத்தாவில் தங்கிப் போனதால் பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை 'வங்காள ரோஜா' என்றே அழைத்தார்கள். அந்தச் சீன வழியில் வந்த ஒரு கூட்டத்துக்கு 'டீ ரோஜா' என்று பெயர். மென்மையான பூ, தேயிலையை நினைவூட்டும் மணம், வெயில் நாட்டுக்கு ஏற்ற உடம்பு. ஆனால் ஐரோப்பியக் குளிரைத் தாங்காது.

குளிரைத் தாங்கும் ரோஜாக்களோடு இந்த டீ ரோஜாவைக் கலந்து பெற்ற பிள்ளைதான் 'ஹைபிரிட் டீ'. பிரான்சின் லியோன் நகரத்தில் கியோ என்பவர் 1867இல் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' என்ற இளஞ்சிவப்பு ரோஜாவை இந்த வகையின் முதல் செடியாகக் கணக்கிடுவது வழக்கம். இங்கிலாந்தில் ஹென்றி பென்னட் என்ற விவசாயி, மாடுகளை இனம் பார்த்துச் சேர்ப்பதுபோலத் தாய் தந்தை பார்த்து ரோஜாக்களைச் சேர்த்தார். 1879இல் தம் செடிகளை வெளியிட்டார். நீண்ட காம்பு, காம்புக்கு ஒரு பூ, கூராக எழும் மொட்டு என்று இன்று பூங்கொத்துக் கடையில் நாம் பார்க்கும் உருவம் இந்த வழியில் வந்தது. நம் ஊர் நர்சரிகளில் இதையே 'ஹைபிரிட் ரோஸ்' என்றும் 'பெங்களூர் ரோஸ்' என்றும் சொல்வார்கள்.

பிறகு மஞ்சள் நிறத்துக்கு ஆசைப்பட்டார்கள். லியோனைச் சேர்ந்த பெர்னே துஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து 1900இல் 'சொலேய் தோர்' என்ற செடியை வெளியிட்டார். அந்த வழியில் பளிச்சென்ற மஞ்சளும் செம்மஞ்சளும் ஹைபிரிட் டீக்குள் நுழைந்தன. கூடவே கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகும் பலவீனமும் நுழைந்தது. நிறம் கொடுத்த தாத்தா நோயையும் சீதனமாகக் கொடுத்துவிட்டார்.

ஆக, நாம் வாங்கும் பல செடிகள் லியோனுக்கும் லண்டனுக்கும் ஏற்றபடி தேர்ந்தெடுக்கப்பட்டவற்றின் வாரிசுகள். அங்கே குளிர்காலத்தில் செடி இலை உதிர்த்து உறங்கும். அதன் நோயில் ஒரு பகுதி உதிர்ந்த இலையோடு போய்விடும். சென்னையில் செடிக்கு உறக்கமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்காக இலை ஈரமாகவே இருக்கும். கரும்புள்ளிப் பூஞ்சை முளைப்பதற்குச் சில மணி நேர ஈரமே போதும்.

மாலையில் இருக்கும் பாட்டி

இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை நமக்கு ரொம்ப நெருக்கம். காரணீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் மாலையில் பார்த்திருப்பார்கள். இளஞ்சிவப்பு, நல்ல வாசனை, தொட்டால் உதிரும் இதழ். எட்வர்ட் ரோஜா என்று அதற்குப் பெயர். பன்னீர் ரோஜா என்ற பெயரிலும் கலந்து விற்பார்கள். எந்த இங்கிலாந்து மன்னரின் பெயரும் அல்ல இது. இந்துமாக்கடலில், தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன அதே ரீயூனியன் தீவுக்கு முன்பு பூர்பன் என்று பெயர். அங்கே வேலிக்காக நட்டிருந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தாமாகவே கலந்து ஒரு புதுச் செடி பிறந்தது. எதுவார் என்பவரின் நிலத்தில் கண்டதால் 'எதுவார் ரோஜா' ஆனது. நம் வாயில் அது எட்வர்ட் ஆகிவிட்டது. 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் விதைகள் பாரிசுக்குப் போயின. அங்கே வளர்ந்த பூர்பன் ரோஜாக்கள் ஹைபிரிட் டீயின் முன்னோர்களில் சேர்ந்தன.

அதாவது, மாலையில் கட்டும் எட்வர்ட், பூங்கொத்து ரோஜாவுக்குப் பாட்டி முறை. பேத்தி குளிர் நாட்டில் வளர்ந்தாள். பாட்டி வெயிலிலேயே இருந்துவிட்டாள். யாருக்கு நம் பால்கனி ஒத்துவரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு

செடியை ஊருக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பாடத்துக்கும் நம் பேட்டைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1868இல் சைதாப்பேட்டையில் ஒரு வேளாண்மைப் பள்ளி தொடங்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் மண்ணுக்கு எந்தப் பயிர், எந்தக் கருவி, எந்த உரம் சரிப்படும் என்று இங்கே பண்ணை வைத்துச் சோதித்தார்கள். 1906இல் அது கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இன்று உதிரிப்பூ ரோஜா பயிரிடும் விவசாயிகளுக்கு அந்தப் பல்கலைக்கழகம் சொல்லும் வகைகளில் எட்வர்டும் 'ஆந்திரா சிவப்பு' ரோஜாவும் உண்டு. இரண்டும் நம் வெயில் அறிந்தவை.

அலங்கார ரோஜாவையும் நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றலாம் என்று முயன்றவர்களில் முக்கியமானவர் பி.பி. பால். கோதுமை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1965இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனார். ரோஜா அவருக்குப் பொழுதுபோக்கு. அதிலேயே பல புது வகைகளை உருவாக்கினார்.

அடுத்த பெரிய அடி நம் மாநிலத்தில் நடந்தது. எம்.எஸ். வீரராகவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1980இல் பதவியை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் குடியேறினார். அவரும் மனைவி கிரிஜாவும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். குளிர் நாட்டு ரோஜாவை நம் வெயிலில் காப்பாற்றப் போராடுவதற்குப் பதில், வெயில் நாட்டுக் காட்டு ரோஜாவிலிருந்தே தொடங்கினால் என்ன? அதற்கு இரண்டு காட்டு ரோஜாக்களைப் பிடித்தார்கள். ஒன்று மணிப்பூர் மலைகளில் ஏறிப் படரும் ரோசா ஜைஜான்டியா. மற்றொன்று வங்காளத்து ஆற்றங்கரைகளிலும் சதுப்பிலும் வளரும் ரோசா கிளைனோஃபில்லா. ரோஜாவுக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது என்பது பொது விதி. கிளைனோஃபில்லா அந்த விதிக்கு விலக்கு. 2015 டிசம்பரில் அடையாறு நம் தெருக்களுக்குள் வந்துபோனதைப் பார்த்த நமக்கு, அந்தக் குணத்தின் அருமை புரியும்.

அவர்கள் உருவாக்கிய ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு 'ஈ.கே. ஜானகி அம்மாள்' என்று பெயர் வைத்தார்கள். தலைச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்து, கடைசி ஆண்டுகளில் மதுரவாயலில் பணிபுரிந்து 1984இல் மறைந்த தாவரவியல் அறிஞர் அவர். செடிகளைக் கலந்து புது வகை காண்பதற்கு அடிப்படையான குரோமோசோம் ஆராய்ச்சியில் உலகம் அறிந்த பெயர்.

இனி நம் சங்கத்துக்கு

இந்த வரலாற்றை நம் தொட்டிக்குக் கொண்டுவந்தால் நான்கு காரியங்கள் கிடைக்கின்றன.

ஒன்று, முதன்முதலாக வளர்ப்பவர்கள் எட்வர்டில் தொடங்கலாம். அடுத்தது பட்டன் ரோஸ். சின்னப் பூ, குட்டைச் செடி, கொத்துக்கொத்தாகப் பூக்கும். ஹைபிரிட் டீதான் வேண்டும் என்றால், குட்டையாகவும் அடர்த்தியாகவும் வளரும் வகையாகக் கேளுங்கள். பளிச்சென்ற மஞ்சளையும் இருநிறப் பூக்களையும் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். வண்டியில் பூவைப் பார்த்து வாங்காமல், அடி இலையைப் பார்த்து வாங்குங்கள். அடி இலை சுத்தமாக இருந்தால் செடி சுத்தம்.

இரண்டு, நர்சரியில் விற்கும் ஹைபிரிட் செடிகள் பெரும்பாலும் ஒட்டுச் செடிகள். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் குருத்தை அடியோடு எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் வேர்ச்செடி மேலேறி, நாம் வாங்கிய ரோஜா மெல்லக் காணாமல் போகும்.

மூன்று, குறைந்தது ஆறு மணி நேர வெயில், 12 அங்குலத் தொட்டி, அடியில் நீர் வடியும் துளை. காலையில் வேரில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், மாலையில் இலை நனைய வேண்டாம். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் ரோஜாவுக்கு ஆகாது. மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் அதற்கே முதல் உரிமை. காம்பவுண்டு சுவர் ஓரம் தரையில் நடுவதாக இருந்தால் மேட்டுப்பாத்தி போட்டு நட வேண்டும்.

நான்கு, புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி, உதிர்ந்ததையும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். வாராவாரம் மருந்து அடித்தால்தான் பிழைக்கும் என்ற செடி, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நமக்குத் தேவையில்லை.

நுழைவாயில் பக்கத்தில் வெயில் விழும் நீளப் பாத்தி ஒன்று சும்மா கிடக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் அங்கே பத்து எட்வர்ட் செடிகள் நடலாம் என்று முன்மொழிய எண்ணம். வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஆளுக்கு நாலு பூ கிடைத்தாலும் லாபம்தான்.