எழுத்தின் வயது

மீண்டும் யாழ்ப்பாணத்தில் குடியேறிய நண்பர் ஒருவர், உரும்பிராயிலுள்ள என் வீட்டுக்கு ஒரு தாளைக் கொண்டுவந்தார். 1990 ஒக்டோபர் 30இல் முஸ்லிம்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது ஒரு தெருவில் வாழ்ந்த குடும்பத் தலைவர்களின் பெயர்ப்பட்டியல் அது. "அந்த வருஷமே எழுதினது, மாஸ்டர்" என்றார். திகதியோ கையொப்பமோ இல்லாத அத்தாளில் எழுத்தின் வடிவத்தைத் தவிர வேறு சாட்சி இருக்கவில்லை.

அந்தச் சாட்சியை விசாரிக்க முடியும். சுண்டுக்குளியிற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கினார். அதில் புள்ளி விசையைத் தட்டினால் உருளை நகராது. எனவே அகன்ற 'ண்' ஆனாலும் ஒடுங்கிய 'ர்' ஆனாலும் புள்ளி ஒரே இடத்திலேயே விழும். தாளின் பின்புறத்தை விரலால் தடவினால் அடியின் தழும்பும் தெரியும்.

அடுத்தது டொட் மெற்றிக்ஸ் அச்சுப்பொறி. 1980இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80இன் தலையில் 9 ஊசிகளே இருந்தன. 1981இல் வெளியான ஐபிஎம் கணனியின் வண்ணத்திரையில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த இடம் 8க்கு 8 புள்ளிகள். ஆங்கிலத்துக்கு அது போதும். மேலே விசிறியும் கீழே சுழியும் கொண்ட தமிழுக்கு அது போதாது. ஆகவே தமிழைப் படம்போல வரைந்தே காட்டவேண்டியிருந்தது. பூதக்கண்ணாடியிற் பார்த்தால் வளைவுகள் படிக்கட்டாகத் தெரியும்.

பின்னர் வந்தது பாமினி. ஆங்கில எழுத்துக்களின் இருக்கைகளில் தமிழ் உருவங்களை அமர்த்திய எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். நமது பெயர்களுக்கு வேண்டிய ஜ, ஸ ஆகியவற்றுக்குச் சதுர அடைப்புக்குறிகளின் இருக்கைகளே கிடைத்தன. யுனிகோட் முறையில் அமைந்த லதா எழுத்துரு விண்டோஸ் 2000உடன் வந்தது. அதன் கோடுகள் பெரும்பாலும் ஒரே கனத்தில் ஓடும்.

ஆனால் எழுத்து முன்னெல்லையை மட்டுமே சொல்லும், பின்னெல்லையைச் சொல்லாது. போரினால் 1990இல் மின்சாரம் அறுந்த குடாநாட்டில் தட்டச்சும் ரோணியோவும்தான் கைகொடுத்தன. 1995இல் அடித்த தாள் 1975இல் அடித்ததுபோல இருப்பதில் வியப்பில்லை. அவ்வாறே, 1978இல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தம் இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. ஆதலால் துதிக்கை வைத்த பழைய 'லை'யைக் கண்டவுடன் அதற்கு முந்தியதென்று நாம் முடிவுகட்டலாகாது.

நண்பரின் தாள் லதாவில் இருந்தது. 1990இல் அச்சானதாக இருக்க வழியில்லை என்றேன். அவர் முகம் வாடியது. அப்போதுதான் பதினோராவது பெயரைக் கவனித்தேன். 'ஸ' வரவேண்டிய இடத்தில் ஒரு சதுர அடைப்புக்குறி நின்றது. பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றியபோது தப்பிவிட்ட எழுத்து அது. ஆக, இந்தத் தாளுக்கு முன் இன்னொரு பிரதி இருந்திருக்கிறது. அதற்கும் முன் ஒரு கையெழுத்துப் பிரதி இருந்திருக்கவுங் கூடும். தாள் பிந்தியது என்பதால் பட்டியல் பொய்யாகிவிடாது. ஆனால் பிரதியை மூலமென்று வாதிட்டால், நாளை ஒருவர் எழுத்தைக் காட்டியே முழுவதையும் மறுத்துவிடுவார்.

தாளின் பின்புறத்தில், "2000க்குப் பிந்திய பிரதி, பாமினியிலிருந்து மாற்றப்பட்டது" என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அந்த அடைப்புக்குறியைத் திருத்தவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். முந்திய பிரதியைத் தேடி நண்பர் புத்தளம் போயிருக்கிறார்.

நம் வீடுகளில் இத்தகைய தாள்கள் இன்னும் உண்டு. புதிதாக அடித்துவிட்டோம் என்று பழையதைக் கிழித்தெறியாதீர்கள். பிழையோடு இருந்தாலும் அதுவே சாட்சி.