பீர்மேட்டு இறக்கமும் மாட்டு வண்டிக் கணக்கும்

லீவில் ஊருக்குப் போகும்போது தேக்கடி பார்த்துவிட்டு, அப்படியே காரில் கோட்டயம் இறங்கலாம் என்று திட்டம் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்தச் சாலையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

பீர்மேடு என்ற பெயரே நம்மூர் தக்கலை பீர் முகம்மது அப்பாவிடமிருந்து வந்தது என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தின் இந்த மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார்கள் முதலில் காப்பி போட்டார்கள். இலைநோய் வந்து அது அழிய, தேயிலைக்கு மாறினார்கள். கம்பம் பக்கத்திலிருந்து குமுளி வழியாக நம் ஜனங்கள் கூலிகளாக ஏறினார்கள். மூட்டைகள் இறங்கவும் அரிசி ஏறவும் வேண்டுமே, அதற்கு வந்ததுதான் கோட்டயம் குமுளி சாலை. சுருக்கமாக கே.கே. ரோடு. இன்றும் வழியில் ஊர்ப்பெயர்களே 35-ஆம் மைல், 63-ஆம் மைல் என்றுதான் இருக்கின்றன.

முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானம் வரை சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். நேராக ஏறினால் தூரம் குறைவுதான். ஆனால் பாதை ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது? காரணம் மாடு!

கணக்கு எளிது. 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில் 1 டன் வண்டியைப் புவியீர்ப்பு 50 கிலோ அளவுக்குப் பின்னால் இழுக்கும். ஒரு ஜோடி மாடு மூச்சு வாங்கியாவது ஏற்றிவிடும். 10-க்கு 1 என்றால் 100 கிலோ. மாடு மண்டி போட்டுவிடும். அதனால் சரிவைக் குறைக்கத் தூரத்தை நீட்டினார்கள். இன்றைக்கும் இந்திய மலைச்சாலைகளுக்குப் பொதுவாக வகுத்த சரிவு அதே 20-க்கு 1-ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

அப்புறம் லாரியும் பஸ்ஸும் வந்தன. ஏறுவது எஞ்சின் வேலையாகிவிட்டது. சிக்கல் இறங்குவதில் வந்தது. மாட்டு வண்டி நடை வேகத்தில், சக்கரத்தில் கட்டை தேயத் தேய இறங்கியது. பஸ் அப்படியில்லை. 10 டன் பஸ் 1,000 மீட்டர் இறங்கும்போது கிட்டத்தட்ட 10 கோடி ஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். சுமார் 290 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது! முழுவதையும் பிரேக் தலையில் கட்டினால் டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடிப்பு குறையும். கார்களில் பிரேக் ஆயிலே கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பிரேக் கெட்டுப்போகவில்லை, களைத்துப்போய்விட்டது.

2025 ஜனவரி 6 அதிகாலை, தஞ்சாவூர் சுற்றுலா முடித்து மாவேலிக்கரைக்குத் திரும்பிய கேரள அரசு பஸ் இதே இறக்கத்தில், புல்லுபாறை அருகே பள்ளத்தில் கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பிரேக் போய்விட்டது என்பதுதான் முதலில் வந்த செய்தி. கோயில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

பழைய டிரைவர்கள் சொல்லும் விதி ஒன்றுண்டு: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், சூடு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும், பிரேக் அவசரத்துக்கு மிஞ்சும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். டயரின் பிடிப்பு ஒன்றுதான். அதை நிறுத்தவும் திருப்பவும் பங்கு போடவேண்டும், மழையில் அந்தப் பங்கும் சுருங்கிவிடும்.

நம்மில் பலர் இங்கே சமதரையில், ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓட்டிப் பழகியவர்கள். ஊரில் வாடகை கார் எடுத்தால், மலை இறங்கும் முன் அதில் 'எல்' அல்லது '2' எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். எரிகிற வாடை வந்தால் ஓரம்கட்டி, ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள். மாட்டுக்கு இளைப்பாறல் கொடுத்த சாலைதானே அது.