மகாவலியின் மீனும் தூண்டிலின் இரையும்

தூண்டிலிடுதல் வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுவர். ஆயினும், கண்டி மாநகரை வளைந்து செல்லும் மகாவலி கங்கையின் கரையில் நின்று சிந்திப்போர்க்கு, தூண்டில் முள்ளிற் கோக்கப்படும் சிறிய இரைக்குள்ளும் ஒரு வரலாறு இருப்பது புலனாகும். எந்த மீனுக்கு எந்த இரை என்ற வினாவுக்கு இப்பகுதியில் வாழ்ந்தோர் காலந்தோறும் கண்ட விடைகளை இன்று நேயர்களுடன் சேர்ந்து நோக்குவோம்.

முதலில் நம் நாட்டு மீன்களைக் காண்போம். வயல்வாய்க்கால்களிலும் தேங்கிய நீரிலும் வாழும் விரால் தவளையை விரும்பி உண்பது. ஆதலின், முள்ளில் தவளையைக் கோத்து, நீர்ப்பூண்டுகளின்மேல் அது தத்திச் செல்வதுபோல இழுத்து விராலைப் பிடிப்பர். குஞ்சுகளைக் காத்து நிற்கும் தாய்மீனும் தந்தைமீனும் அருகில் அசைவன எவற்றையும் சீறித் தாக்கும். அவ்வேளையில் அவற்றைப் பிடிப்பது எளிது. ஆனால், காவலை இழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

ஓடும் நீருக்குரியது மஹசீர். சிங்கள மக்கள் இதனை லெஹெல்லா என்பர். பாறையும் கூழாங்கல்லும் நிறைந்த, விரைந்து பாயும் தெளிநீரே இதற்கு ஏற்ற உறைவிடம். கரைமரங்களிலிருந்து விழும் பழங்களையும் உண்ணும், சிறுமீன்களையும் விழுங்கும். ஆகவே ஒரே மீனுக்கு இருவகை இரைகள் பொருந்தின. பழமும் மாவுருண்டையும் ஒரு வகை. நீரிற் சுழன்று, காயமுற்ற சிறுமீன்போல மின்னும் உலோகத் தகடு மற்றொரு வகை. கரண்டியின் வடிவிலமைந்த இத்தகட்டுக்கு அமெரிக்கரான ஜூலியோ பியூல் என்பார் 1852 இல் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாணச் சிவில் சேவையிலிருந்த ஹென்றி சல்லிவன் தோமஸ் 1873 இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் நூலில் மஹசீரைப் பற்றி விரிவாக எழுதினார்.

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. பின்னர் தேயிலை வந்தது. குளிர்ந்த மலையோடைகளைக் கண்ட தோட்டத்துரைமாருக்குத் தாய்நாட்டு ஓடைகளின் நினைவு எழுந்தது போலும். அவர்கள் இங்குள்ள மீன்களுக்கேற்ற இரையைத் தேடியதோடு அமையவில்லை. தம் இரைக்கேற்ற மீனையே கடல்கடந்து கொணர்ந்தனர். இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த லெ மெசூரியர் 1882 இல் பழுப்பு ட்ரவுட் மீனை நுவரெலியாவில் அறிமுகஞ் செய்தார். 1896 இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. பழுப்பு ட்ரவுட் இங்குத் தானாகப் பெருகவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் வந்த வானவில் ட்ரவுட்டோ ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் இனம்பெருக்கி நிலைத்துவிட்டது.

ட்ரவுட்டுக்குரிய இரை நூலும் இறகும் கொண்டு கட்டிய செயற்கை ஈ. எடையற்ற அந்த ஈயை எறிவதற்குக் கனமான நூலே கைகொடுக்கும். அந்நூலைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, நீரில் ஓசையின்றி ஈ விழுமாறு செய்தல் வேண்டும். அன்றைய பொழுதில் நீர்மேல் எந்தப் பூச்சி பறக்கிறதோ அதனை ஒத்த ஈயைத் தெரிந்தெடுப்பதே இக்கலையின் உயிர்நாடி. இத்துணை நுட்பமாக ஓடையைக் கவனித்தவர்கள், ட்ரவுட் வேறு எதனை உண்ணும் என்பதைச் சிந்தித்தார்களா? உலகில் ஹோர்ட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் ஒருவகை நன்னீர் இறால் அந்த ஓடைகளில் உண்டு. வந்தேறிய ட்ரவுட் அந்த இறாலையும் இரையாக்கிக் கொண்டது.

அந்த ஓடைகளுட் சில மகாவலியில் கலப்பினும், ட்ரவுட் கண்டிவரை இறங்கிவந்து வாழவில்லை. கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியின் நீர் அதற்கு வெப்பமானது. ஆனால், கண்டிப் பகுதி ஆற்றிலும் மாற்றங்கள் நேர்ந்தன. 1976 இல் பொல்கொல்லை அணையும், 1985 இல் விக்டோரியா, கொத்மலை அணைகளும் இயங்கத் தொடங்கின. பாய்ந்த நீர் பல இடங்களில் தேங்கியது. மஹசீருக்குரிய விரைநீர் குறுகியது. தேங்கிய நீரில் பெருகியது 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த திலாப்பியா. இதுவும் அயல்மீனே, எனினும் எளிய மக்களின் உணவாகிப் பயன் தந்தது. ஆகவே, அயல்மீன் எல்லாம் தீது என்று கூறுவதும் பொருந்தாது.

இங்கே வட அமெரிக்காவின் ஒரு வழக்கம் நினைவுக்கு வருகிறது. மஸ்கலஞ்சு, பைக் எனும் இரு கொன்றுண்ணி மீன்களின் கலப்பிற் பிறந்த வரிமீனைப் புலி மஸ்கி என்பர். இது மலட்டு மீன். ஆதலின் ஏரியில் எத்தனை விடப்பட்டனவோ அவற்றிற்குமேல் பெருகாது. விடுவதை நிறுத்தினால் காலப்போக்கில் மறைந்துவிடும். பெரிய தகடுகளையும் மீன்வடிவப் பொய்யிரைகளையும் கொண்டு அதனைப் பிடித்து மகிழ்வோர்க்கு இது ஒரு காப்பு.

கண்டி ஏரிக்கோ அத்தகைய காப்பு இல்லை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அமைக்கத் தொடங்கிய அந்த ஏரியில், அண்மை ஆண்டுகளில் அலிகேட்டர் கார் எனும் வட அமெரிக்க மீன் காணப்பட்டது. முதலைபோன்ற நீண்ட வாயும் கூரிய பற்களும் உடைய அம்மீன் 2 மீற்றருக்கு மேலும் வளரவல்லது. அதன் தாடை எலும்பு கடினமானதாகையால் முள் எளிதிற் பாய்வதில்லை. அழகுமீன் வளர்ப்போர் தொட்டியில் அடங்காத மீனை நீர்நிலையில் விட்டுவிடுவதே இத்தகைய வரவுகளுக்கு வழக்கமான காரணம்.

தூண்டிலிடுவோன் இரையைத் தெரிவதற்கு முன் நீரை நோக்குகிறான். அங்கு எது எதனை உண்கிறது என்று கேட்கிறான். மீனைக் கொணர்ந்து விடுவோனும் அதே கேள்வியைக் கேட்டல் வேண்டும். தவறான இரையைத் தெரிந்தவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். மறுநாள் வேறோர் இரையைக் கோத்துப் பார்க்கலாம். தவறான மீனை ஆற்றில் விட்டவனுக்கு அந்த மறுநாள் வாய்ப்பதில்லை.