துணிப்பொம்மையும் அதன் உரிமையும்

அரச வம்சங்களையும் போர்களையும் பற்றிய நூல்கள் மலிந்துள்ள வரலாற்றுத் துறையிலே, குழந்தையின் கையிலிருந்த விளையாட்டுப் பொருளுக்கு இடம் கிடைப்பது அரிது. கிடைக்குமிடத்தும் கல்லாலும் சுடுமண்ணாலும் ஆன பாவைகளே முன்னிற்கின்றன. துணி உக்கிப்போகும் பொருள். பழஞ்சேலைக் கந்தலைச் சுருட்டி நூலாற் கட்டித் தாயொருத்தி செய்துகொடுத்த பொம்மை ஒரு குழந்தைப் பருவத்தைத் தாண்டி நிலைப்பதே அருமை. ஆகவே துணிப்பொம்மையின் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது சான்றின்மையையே. எகிப்தின் வறண்ட மணல் இதற்கு ஒரு விதிவிலக்கை அளித்துள்ளது. உரோமர் ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த, கி.பி. 1 ஆம் நூற்றாண்டுக்கும் 5 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனக் கணிக்கப்படும் துணிப்பொம்மையொன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. சணல்நார்த் துணியாலாகிய அதன் உடலினுள்ளே கந்தலும் பப்பைரசுத் துண்டுகளும் அடைக்கப்பட்டுள்ளன. அதைத் தைத்தவர் யாரென்பதை எவரும் அறியார். அறிய வேண்டுமென்று அக்காலத்தில் எவரும் கருதியிருக்கவும் மாட்டார்கள்.

செய்தவரின் பெயர் வேண்டப்படாத இந்நிலை பல நூற்றாண்டுகள் நீடித்தது. வீட்டிலே செய்யப்பட்டு வீட்டிலேயே உக்கிப்போகும் ஒரு பொருளுக்கு உரிமை பற்றிய வழக்கு எழ நியாயமில்லை. அப்பொருள் சந்தைக்கு வந்து பண்டமாக மாறியபோதே அவ்வினா தோன்றியது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், நெசவாலைகள் பெருகியிருந்த ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலே இம்மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம்.

அம்மாநிலத்தின் சென்றல் ஃபோல்ஸ் என்னும் ஊரைச் சேர்ந்த ஐசானா வோக்கர் என்ற பெண்மணி 1873 நவம்பர் 4 ஆந் திகதி துணிப்பொம்மை செய்யும் முறையொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். மலிவான துணியைப் பல மடிப்புகளாகப் பசையில் தோய்த்து அச்சிலே அழுத்தி உலரவிடுதல், அதன்மேற் பஞ்சைப் பரப்பிப் பின்னற்றுணியாற் போர்த்து மீண்டும் அழுத்துதல், இவ்வாறு அமைந்த பாதிகளை உள்ளீட்டின்மேற் பொருத்தித் தைத்தல், ஈற்றில் நெய்வர்ணம் தீட்டுதல் என்பன அம்முறையின் படிகள். விழுந்தால் உடையும் பீங்கான் தலைப் பொம்மைகளுக்கு இது தகுந்த மாற்றாக அமைந்தது. கைவேலையில் ஈடுபட்ட பெண்ணொருவர் தமது கைத்திறனைச் சட்டத்தின் மொழியில் எழுதிப் பதிவுசெய்தமை அக்காலத்திற் சாதாரண நிகழ்ச்சியன்று.

எனினும் ஆக்கவுரிமைப் பத்திரத்தினால் மற்றவர்களின் விரல்களைக் கட்டிவைக்க முடியவில்லை. 1851 இல் அயலூரான போடக்கற்றிற் பிறந்த மார்த்தா சேஸ் சிறுவயதில் வைத்திருந்தது வோக்கரின் பொம்மை ஒன்றேயாகும். வைத்தியர் ஒருவரின் மனைவியான இவர் தம் பிள்ளைகளுக்கெனப் பொம்மை செய்யத் தொடங்கிப் பின்னர் அதைத் தொழிலாக வளர்த்தார். உயர்ந்தெழும் முகவார்ப்பின்மீது பின்னற்றுணியை இழுத்துப் போர்த்து, அதற்கு நெய்வர்ணம் தீட்டும் அவரது முறை வோக்கரின் முறைக்கு உறவானது. ஆயினும் அதுவே அன்று. அவரது பொம்மைகளைக் கழுவ முடிந்தமை தாய்மாருக்குப் பெரிய வசதியாயிற்று. 1911 இல் ஹார்ட்ஃபோட் நகர வைத்தியசாலையின் தாதியர் பயிற்சிக்கென வளர்ந்தோரின் அளவில் ஓர் உருவையும் அவர் செய்துகொடுத்தார். நோயாளியைப் புரட்டவும் படுக்கவைக்கவும் தாதியர் பழகியது இத்துணியுடலிலேதான். குழந்தையின் மடியிலிருந்து வைத்தியசாலைக் கட்டில் வரை ஒரு கைவினை சென்றடைந்த இவ்வழி தனியாக ஆராயத்தக்கது.

இதே காலத்தில் வேறொரு போக்கும் உருவாயிற்று. மசசூசெற்ஸ் மாநிலத்தின் ஆர்னல்ட் அச்சாலை, பூனை போன்ற உருவங்களைத் துணியில் அச்சிட்டு 1890 களில் விற்பனைக்கு விட்டது. வாங்குவோர் கோட்டின்வழி வெட்டித் தைத்துப் பஞ்சை அடைத்தாற் பொம்மை ஆயத்தம். உருவத்தை வரையும் உரிமை ஆலையிடமும் தைக்கும் உழைப்பு வீட்டுப் பெண்ணிடமும் இருந்தன. வீட்டுக் கைவினையின் ஒரு பாதியை வெட்டியெடுத்து அதனை அவ்வீட்டுக்கே விலைக்கு விற்ற விந்தையாக இதனைக் கொள்ளலாம்.

யேர்மனியில் கேத்தே குறூசே என்பாரின் வரலாறு பலரும் அறிந்தது. 1905 இல் மகள் பொம்மை கேட்டபோது, கடைப் பொம்மைகள் அவலட்சணமானவை, நீங்களே ஒன்றைச் செய்துகொள்ளுங்கள் எனச் சிற்பியான கணவர் பேர்லினிலிருந்து எழுதினாராம். மணல் நிரப்பிய துவாயை உடலாகவும் உருளைக்கிழங்கைத் தலையாகவும் கொண்டு முதற் பொம்மை பிறந்தது என்பர். பிற்காலத்தில் விற்பனைக்கும் துணைபுரிந்த இக்கதையை வரலாற்று மாணவர் சற்றுத் தள்ளிவைத்தே நோக்குதல் நன்று. 1910 இல் பேர்லினின் பெருங்கடையொன்றில் நடைபெற்ற கையாற்செய்த விளையாட்டுப் பொருட் கண்காட்சியும், அதனையடுத்து நியூயோர்க்கிலிருந்து வந்த கட்டளையும், பாட் கேசன் நகரில் அமைந்த தொழிற்கூடமும் ஐயத்துக்கு இடமற்றவை. புகழுடன் போலியும் வந்தது. பிங் என்னும் பெருங்கம்பனி தம் பொம்மைகளைப் பின்பற்றிச் செய்வதாக அவர் தொடுத்த வழக்கு 1925 இல் அவருக்குச் சார்பாகத் தீர்ந்தது. விளையாட்டுப் பொம்மையும் கலைப்படைப்பாகப் பாதுகாக்கப்படலாம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

அமெரிக்காவில் ஜோனி குறுவெல் படைத்த றகெடி ஆன் பொம்மையையும் இத்தகையதொரு கதை சூழ்ந்துள்ளது. இறந்த மகளின் நினைவாகவே அவர் அப்பொம்மையைப் படைத்தார் எனப் பலரும் எழுதியுள்ளனர். ஆனால் அவரது விண்ணப்பம் 1915 மே மாதத்துக்குரியது. ஆக்கவுரிமை செப்டெம்பரில் வழங்கப்பட்டது. மகள் இறந்ததோ நவம்பரிலாகும். துயரம் உண்மை, அதனைப் பொம்மையின் பிறப்போடு பிணைத்தவர்கள் திகதிகளைப் பார்க்கவில்லை. 1930 களில் மொலீஸ் என்னும் நிறுவனம் அனுமதியின்றி அப்பொம்மையைச் செய்து விற்றது. குறுவெல் வழக்காடி 1937 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே காலமானார்.

வோக்கரும் குறூசேயும் குறுவெலும் பதிவையும் நீதிமன்றத்தையும் நாடியவர்கள். அவற்றை நாடாதவர்களின் நிலை யாதென்பதே முதன்மையான வினா. கென்ரக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிற் கலை பயின்ற மார்த்தா நெல்சன் 1970 களில் மென்துணிப் பொம்மைகளைச் செய்துவந்தார். இழுபடும் துணியுள் பஞ்சடைத்து, ஊசியை உட்செலுத்தி, நூலை ஆங்காங்கே இறுக்கிக் கன்னமும் மூக்கும் கொப்பூழும் எழச்செய்வது அவர் கையாண்ட முறை. ஒவ்வொன்றும் தனித்த முகம் உடையது. அவற்றைப் பொம்மையென விற்காது, குழந்தையைத் தத்தெடுப்பதுபோலப் பத்திரத்துடன் கொடுக்கும் வழக்கத்தையும் அவர் கொண்டிருந்தார். கைவினைச் சந்தையில் இவற்றைக் கண்ட சேவியர் றொபேட்ஸ் என்னும் இளைஞர் ஜோர்ஜியாவிலுள்ள கடையொன்றில் விற்பதற்காக அவரிடமிருந்து வாங்கினார். விலை தொடர்பாகப் பிணக்கு எழவே நெல்சன் கொடுப்பதை நிறுத்தினார். அதன்பின் றொபேட்ஸ் தாமே அவ்வகைப் பொம்மைகளைச் செய்விக்கத் தொடங்கினார். தத்தெடுக்கும் முறையும் உடன்சென்றது. 1982 இல் கொலெக்கோ கம்பனி உரிமம் பெற்றது. அடுத்த ஆண்டு நத்தார் காலத்தில் கபேஜ் பச் என்ற பெயரில், செயற்கைப் பிசின் தலையுடன் வெளிவந்த பொம்மைகளுக்காக அமெரிக்கக் கடைகளிற் பெற்றோர் கைகலந்தனர். நெல்சன் தொடுத்த வழக்கு 1985 இல் நீதிமன்றத்துக்கு வெளியே, வெளியிடப்படாத தொகையுடன் முடிவுற்றது. அவர் 2013 இற் காலமானார்.

இங்கு ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்துவது எளிது. அது போதிய விளக்கமாகாது. ஊசியால் முகம் அமைக்கும் முறை எவரொருவருக்கும் சொந்தமன்று. றொபேட்ஸ் அதனைக் கற்றதில் வழுவில்லை. சட்டம் காப்பது குறித்தவொரு வெளிப்பாட்டை மட்டுமே. எண்ணத்தையோ முறையையோ அது பதிப்புரிமையாற் காப்பதில்லை. எனினும் நெல்சனிடமிருந்து சென்றது தையல் நுட்பம் மட்டுமன்று. பொம்மைக்கும் அதைப் பெறுபவருக்கும் இடையில் அவர் கற்பித்த உறவும் சென்றது. அதனை எந்த விண்ணப்பப் பத்திரத்தில் எழுதுவது?

இவ்விடர்ப்பாட்டுக்குப் பொழுதுபோக்காகப் பொம்மை செய்வோர் தமக்கேயுரிய மரபுகளால் விடை காண முயன்றுள்ளனர். பற்றன் என வழங்கும் மாதிரித்தாள்களை விற்கும் வாணிகம் 1860 களில் பட்டரிக் என்பாரின் ஆடை மாதிரிகளோடு பெருகியது. பொம்மை மாதிரிகளும் காலப்போக்கில் அவ்வழியே வீடுகளை அடைந்தன. 1963 இல் ஹெலன் புல்லார்ட் அமெரிக்கப் பொம்மைக் கலைஞர்களுக்கென ஒரு தேசிய நிறுவகத்தைத் தோற்றுவித்தார். அவர் மரத்திற் செதுக்குபவர். ஆயினும் துணியில் வேலைசெய்வோரும் கலைஞராக மதிக்கப்படுவதற்கு அத்தகைய அமைப்புகள் உதவின. 1990 இல் எலினோர் பீஸ் பெய்லி எழுதிய நூல், வளர்ந்த பெண்கள் தமக்காகவே பொம்மை செய்வதில் வெட்கப்பட எதுவுமில்லை என்பதைத் தலைப்பிலேயே அறிவித்தது.

சிறு குழுக்களின் நடைமுறைகளோ சட்டத்திலும் நுண்ணியவை. மாதிரித்தாளை வாங்கியவர் அதைப் பார்த்துப் பொம்மை செய்யலாம். தாளைப் பிரதிபண்ணிப் பிறருக்கு வழங்குதல் கூடாது. செய்த பொம்மையைக் காட்சிக்கு வைக்கையில் மாதிரியை வரைந்தவரின் பெயரைக் கூற வேண்டும். பெயர் கூறாதவர் மீது வழக்கில்லை; அடுத்த கூட்டத்தில் அவரோடு பேசுவோர் குறைவர், அவ்வளவே. இன்னொரு வழக்கத்தின்படி பொம்மையொன்று தபாலில் உறுப்பினர் பலரிடம் மாறிமாறிச் செல்லும். ஒருவர் உடலைத் தைப்பார்; மற்றொருவர் முகம் எழுதுவார்; வேறொருவர் கூந்தல் பொருத்துவார்; பிறிதொருவர் உடுப்புத் தைப்பார். முடிவில் அது தொடங்கியவரிடமே திரும்பும். பல கைகள் பட்ட அப்பொம்மையின் ஆக்கியோன் யாரென எந்தப் பதிவாளரும் எழுத முடியாது. குழுவினருக்கோ அதில் ஐயம் எழுவதில்லை.

ஐசானா வோக்கரின் பொம்மைகள் இன்று நூதனசாலைகளிலும் சேகரிப்பாளர் கைகளிலும் அரும்பொருள்களாக உள்ளன. அவற்றை ஒத்தவற்றை மீளச் செய்ய விழையும் பொழுதுபோக்காளர் அமெரிக்காவிற் பலர். அவர்களுக்குரிய பாடநூல் 1873 ஆம் ஆண்டின் ஆக்கவுரிமைப் பத்திரமே. பிறர் செய்யாதிருத்தற்பொருட்டு வோக்கர் படிப்படியாக எழுதிவைத்த அவ்விவரணத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு, பசையிற் தோய்த்த துணியை அவர்கள் அச்சில் அழுத்துகின்றனர்.